சித்தி பையனை ரூன்ஸ்கேப்புக்குள்ள கூட்டிட்டு வந்தேன், எட்டே நாள்ல ஓடிட்டான். நான் என்ன தப்பு பண்ணேன்?

பதினஞ்சுரூபா_ஒருமணிநேரம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுமையா படிங்க, எனக்கு நிஜமாவே வெளங்கல.

நான் ரூன்ஸ்கேப்ங்கற ஆன்லைன் கேம் ஆளு. 2006ல மதுரைல எங்க தெரு முக்குல இருந்த பிரவுசிங் சென்டர்ல மணிக்கு 15 ரூபா குடுத்து ஆரம்பிச்சது. அப்ப அந்த மெஷின்ல எதையும் இன்ஸ்டால் பண்ண விட மாட்டாங்க, இது மட்டும் ஜாவா இருந்தா பிரவுசர்லயே ஓடும், அதனாலதான் இதுல போய் விழுந்தேன், வேற பெரிய காரணம் ஒண்ணும் இல்ல. நடுவுல காலேஜ் வேலைன்னு விட்டுப்போச்சு, 2013 பிப்ரவரில கேம் கம்பெனி ஜாகெக்ஸ்காரங்க 2007 ஆகஸ்ட் பேக்கப்ப தூசி தட்டி எடுத்து ஓல்ட் ஸ்கூல்னு விட்டாங்கல்ல, அப்ப திரும்ப உள்ள வந்தவன் இன்னும் வெளிய போகல.

எங்க கிளான்ல, அதாவது கேமுக்குள்ள சேந்து விளையாடுற குழுல, பேருக்கு முப்பது பேர். நைட்டு பத்து மணிக்கு மேல உருப்படியா வர்றது எட்டு பேர். எல்லாருக்கும் வயசு முப்பத்தஞ்ச தாண்டியாச்சு, ரெய்டு நடுவுல "ஒரு நிமிஷம், பாப்பா அழுகுது"ன்னு எந்திரிச்சுப் போற கூட்டம். புது ஆளுங்க வரலன்னா இன்னும் ரெண்டு வருஷத்துல கிளான் சாட்ல நானும் என் நிழலும் மட்டும்தான் இருப்போம்.

அதனால போன மாசம் சித்தி பையன கூட்டிட்டு வந்தேன். காலேஜ் செகண்ட் இயர், ஃபோன்ல எப்பப் பாத்தாலும் ஏதாவது கேம்தான், நல்லா விளையாடுற பய. எனக்கு இருந்த கஷ்டம் எதுவும் அவனுக்கு இருக்கக்கூடாதுன்னு முன்னாடியே எல்லாம் ரெடி பண்ணி வச்சேன். பழகிக்கற இடமான ட்யூட்டோரியல் ஐலண்ட் முடிச்சு, லம்பிரிட்ஜ்ங்கற முதல் ஊர்ல வந்து நின்னவுடனே ரெண்டு வாரம் மெம்பர்ஷிப்புக்கு பாண்ட், கைல 50 லட்சம் ஜிபி (கேம் காசு). முதல் வேலையா வாட்டர்ஃபால் குவெஸ்ட், ஏன்னா அது முடிச்சா அட்டாக்கும் ஸ்ட்ரென்த்தும் நேரா லெவல் 30க்குப் போயிரும், கோழி மாடு எதையும் அடிக்க வேண்டியதே இல்ல. முடிச்ச கையோட அடமன்ட் சிமிட்டர் (வளைஞ்ச கத்தி), 40 வந்ததும் ரூன் சிமிட்டர். டிஸ்கார்ட்ல பதினாலு லிங்க் பின் பண்ணி வச்சேன். குவெஸ்ட எந்த வரிசைல செய்யணும்ங்கறது கூட ஷீட்டு போட்டுக் குடுத்தேன். வாய்ஸ் கால்ல உக்காந்து "அங்க போ, இத கிளிக் பண்ணு, ஓடு ஓடு, நிக்காத"ன்னு நானே சொல்லிட்டு இருந்தேன்.

மூணு நாள்ல அவன் இருந்த இடத்துக்கு வர எனக்கு அந்தக் காலத்துல ரெண்டு மாசம் ஆச்சு. எட்டாவது நாள் ஃபோன் பண்ணி "அண்ணே, நல்லாத்தான்ணே இருக்கு, ஆனா இதுல நான் என்ன பண்றேன்னே தெரியல"ன்னான். அவ்ளோதான், அதுக்கப்புறம் ஆள் லாகின் ஆகவே இல்ல. பாண்ட்ல இன்னும் ஆறு நாள் மிச்சம் இருந்துச்சு, அதுவும் வீணாப்போச்சு.

இப்ப அடுத்த மாசம் என் மச்சானும் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒரு தம்பியும் வர்றேன்னு சொல்லிருக்காங்க. இவங்களயும் ஓட விட்டுரக் கூடாது. புது ஆள நீங்க எப்படி உள்ள கூட்டிட்டு வர்றீங்க? எத்தன பேர் தங்குனாங்க? உண்மையச் சொல்லுங்க.

---

கருவாட்டு_வீரன்

அடமன்ட் சிமிட்டர் குடுத்தீங்க, காசு குடுத்தீங்க, ஷீட்டு குடுத்தீங்க, கால்ல உக்காந்து கிளிக்கும் நீங்களே சொன்னீங்க. பையன் சரியாத்தான கேட்டிருக்கான். விளையாண்டது நீங்க, மவுஸ் மட்டும் அவன் கைல இருந்துச்சு.

---

92தான்_பாதி

மேல உள்ளவர் ஒரு வரில சொல்லிட்டாரு, எனக்கு ஒரு வரில எதுவும் சொல்ல வராது, மன்னிச்சுக்கோங்க.

தல, ஒண்ணே ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. 2006ல அந்த பிரவுசிங் சென்டர்ல உங்கள உக்கார வச்சது எது? எனக்கு ஞாபகம் இருக்கறதச் சொல்றேன். லம்பிரிட்ஜ் கோட்டைக்குள்ள சமையக்காரர் முட்டை, பால், மாவு கேப்பாரு, கேக் பண்ணணும்னு. அந்த மாவுக்கு நான் ஒரு சாயங்காலம் பூரா அலைஞ்சேன். வயல்ல கோதுமை பறிக்கணும்னே தெரியாது, கடைல விக்கும்னு தேடிட்டு இருந்தேன். அப்புறம் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் "மில்லுக்குப் போ"ன்னு சொன்னான், போனா மில்லு மேல ஏறி கோதுமைய கொட்டணும், நெம்புகோல இழுக்கணும், கீழ வந்து சட்டில பிடிக்கணும், நான் சட்டி இல்லாம போயிட்டேன். திரும்ப ஓட்டம். அது முடிஞ்சு கேக் செஞ்சு குடுத்தப்ப கிடைச்ச சந்தோஷம், நம்ப மாட்டீங்க, பின்னாடி உச்ச லெவல் 99 அடிச்சப்ப கூட வரல.

அப்புறம் வாரக்ங்கற ஊருக்குப் போற வழில தெக்குப் பக்கம் கல்லு வட்டமா நட்டு வச்ச இடத்துல டார்க் விசார்டு நிப்பானுங்க. தெரியாம அந்தப் பக்கம் போய் எத்தன தடவ செத்திருப்பேன். மூணாவது தடவைக்கு அப்புறம் நானே சுத்தி வேற வழி கண்டுபிடிச்சேன். அந்த வழி இன்னிக்கும் என் வழி, டெலிபோர்ட் இருந்தாலும் சில நாள் நடந்தே போவேன்.

இப்ப உங்க சித்தி பையனுக்கு என்ன இருக்கு? அவனுக்கு லம்பிரிட்ஜ் தெரியாது, கோழிப் பண்ணை தெரியாது, ஆத்துக்கு அந்தப்பக்கம் காப்ளின் இருக்கறது தெரியாது. நேரா அருவிக்குப் பின்னாடி குகைக்குள்ள ராட்சசனுங்களுக்கு நடுவுல ஓட விட்டுட்டீங்க, அதுவும் ஒரு லெவல் ஆள. அவன் பாத்தது உங்க குரலையும் ஒரு விக்கி பக்கத்தையும் மட்டும்தான். 50 லட்சம் வேற குடுத்துட்டீங்க. மாட்டுத்தோல் உரிச்சு பேங்க்ல அடுக்கி வித்து முதல் பத்தாயிரம் சேக்குறதுல ஒரு கதை இருக்கு, 50 லட்சம் வச்சிருக்கவனுக்கு அந்தக் கதை இனி இந்த ஜென்மத்துல கிடையாது. ஸ்ட்ராங்ஹோல்ட் ஆஃப் செக்யூரிட்டில நாலு மாடி பயந்துகிட்டே இறங்குனா மொத்தம் பத்தாயிரமும் ஒரு ஜோடி பூட்ஸும்தான் குடுப்பாங்க, புதுசா வந்தவனுக்கு அது தீபாவளி போனஸ். உங்க தம்பிக்கு அது சில்லற.

இந்த கேம் ஏன் திரும்ப வந்துச்சுன்னு யோசிங்க. 2012 கடைசில சண்டை போடுற முறையவே மாத்துனாங்க, பழைய ஆளுங்க கூட்டம் கூட்டமா கிளம்பிட்டாங்க, பழசுதான் வேணும்னு ஓட்டு போட்டு 2007 பேக்கப்ப கொண்டு வர வச்சாங்க. அப்படி வந்தப்ப யாருக்கும் பழைய லெவல் கிடையாது, பத்து வருஷம் விளையாண்டவனும் ட்யூட்டோரியல் ஐலண்ட்ல வந்து இறால் கருக்குனான். 2013 பிப்ரவரி மார்ச்ல உள்ள இருந்தவங்களக் கேளுங்க, அந்த மாதிரி ஒரு ஜாலி அதுக்கப்புறம் வரலம்பாங்க. காரணம் சிம்பிள், எல்லாரும் ஒரே நேரத்துல ஒண்ணுமில்லாதவங்க.

நான் இதுவரைக்கும் ஒம்போது பேரக் கூட்டிட்டு வந்திருக்கேன், நாலு பேர் தங்கிருக்காங்க. தங்குன நாலு பேருக்கும் நான் எதுவும் குடுக்கல. கேட்டா மட்டும் பதில், அதுவும் முழு பதில் இல்ல. "இரும்பு எங்க கிடைக்கும்"னு கேட்டா "வாரக் பக்கம் சுரங்கம் இருக்கு, போய்ப் பாரு". அவ்ளோதான். அவன் போய், வழில நாலு விஷயம் பாத்து, சுரங்கத்த விட்டுட்டு வேற எதையோ பண்ணிட்டு வந்து கதை சொல்லுவான். அந்தக் கதைய வாயப் பொத்திட்டு கேக்கணும். "அட அத விட அங்க எக்ஸ்பி பாயிண்ட் அதிகம்டா"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா முடிஞ்சுது.

---

பல்லடம்_பாலாடை

92தான்_பாதி சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்குங்க, ஆனா நான் ஒத்துக்க மாட்டேன்.

நமக்கு அப்ப பதினஞ்சு வயசுங்க. லீவு ரெண்டு மாசம். ஒரு மாவுக்கு ஒரு சாயங்காலம் அலைய நேரம் இருந்துச்சு. இப்ப வர்றவங்க யாரு? இவரு மச்சான், கல்யாணம் ஆகி குழந்தை இருக்கறவரா இருப்பாரு. ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தம்பி, எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து ஒம்பதுக்கு சாப்டு பத்துக்கு உக்காருவாரு. அவரப் போய் "நீயே தேடிக் கண்டுபிடி"ன்னு விட்டா, ஒரு மணி நேரம் மில்லத் தேடிட்டு மூடி வச்சுட்டு படுத்துருவாரு. நான் பட்ட கஷ்டம் நீயும் படணும்ங்கறது ஹாஸ்டல் ராகிங் பண்ற சீனியர் பேசற பேச்சுங்க. கதை கிடைக்கும் கதை கிடைக்கும்னு சொல்லிச் சொல்லியே ஒரு ஆள தனியா விட்டா அவனுக்குக் கிடைக்கறது போர்தான்.

எங்க அண்ணன நான்தான் கூட்டிட்டு வந்தேன். நாப்பத்திரண்டு வயசு, தறி ஓட்டறவரு, கம்ப்யூட்டர் பக்கமே போகாதவரு. 2018 அக்டோபர்ல மொபைல்ல வந்துச்சுல்ல, அதே அக்கவுண்ட் ஃபோன்லயும் ஓடும் சிஸ்டத்துலயும் ஓடும், அதுதான் அவர உள்ள கொண்டு வந்துச்சு. ஆத்தோரம் நின்னு மீன் புடிப்பாரு, தறிச் சத்தத்துல ஒரு கை ஃபோன்ல. அவருக்கு சண்டை வேண்டாம், குவெஸ்ட்ல வர்ற இங்கிலீஷும் கஷ்டம். நான் அடுத்து என்ன பண்ணணும்னு காட்டற குவெஸ்ட் ஹெல்ப்பர் போட்டுக் குடுத்து கூட உக்காந்து கதைய கொங்கு தமிழ்ல சொல்லிச் சொல்லித்தான் நடத்துனேன். உங்க கணக்குப்படி பாத்தா நான் பண்ணது பூராவும் தப்பு. அவரு இன்னிக்கு ஃபிஷிங் 94, எனக்கே 81தான்.

அதனால குடுக்கறது தப்பில்லீங்க, என்ன குடுக்கறோம்ங்கறதுதான். காசு குடுக்காதீங்க, சரி, அது நானும் ஒத்துக்கறேன். நேரத்த மிச்சம் பண்றத குடுங்க. நடந்தே சாகாம இருக்க நாலு டெலிபோர்ட். செத்தா மூணு பொருள்தான் கைல நிக்கும், மிச்சம் செத்த இடத்துல கல்லறைல கால் மணி நேரம் இருக்கும், ஓடிப்போய் எடுத்துக்கலாம்ங்கற விவரம். இது தெரியாம முதல் தடவ செத்தவுடனே எல்லாம் போச்சுன்னு நினைச்சு கேமவே அழிச்சவங்க எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேர். அத கண்டுபிடிக்க விடறதுல என்னங்க கதை இருக்கு?

அப்புறம் பிங் (நெட் தாமதம்) பத்தி பயப்பட வேண்டாம்னு முன்னாடியே சொல்லிருங்க. புதுசா வர்ற எல்லாரும் "இருநூறு காட்டுது, லேக் ஆகுமே"ன்னு கேக்கறாங்க, ஷூட்டிங் கேம் பழக்கம். இதுல கேமே 0.6 செகண்டுக்கு ஒரு தடவதான் நகரும், அதுக்குப் பேரு டிக், மரம் வெட்டவும் மீன் புடிக்கவும் இருநூறுல ஒண்ணும் ஆகாது.

---

92தான்_பாதி

பாலாடை, உங்க அண்ணனுக்கு நீங்க குடுத்தது குவெஸ்ட் ஹெல்ப்பர் இல்ல, பக்கத்துல உக்காந்து கதை சொன்னீங்க பாருங்க, அது. அதுல எனக்கு சண்டையே இல்ல. கல்லறை விஷயம் சரி, அத சொல்லாம விடறது தப்புதான், என் ஒம்போது பேர்ல ஒருத்தன் அப்படித்தான் போனான்னு இப்பதான் தோணுது. ராகிங்னு சொன்னது மட்டும் கொஞ்சம் ஓவர்.

---

பல்லடம்_பாலாடை

சரிங்க, வாபஸ்.

---

இறால்_கருகிடுச்சு

நான் வந்து நாலு மாசம்தான் ஆகுது, அதனால நீங்க எல்லாரும் யாரப் பத்தி பேசிட்டு இருக்கீங்களோ அந்த ஆள் நான்தான். பழைய ஆளுங்களே பழைய ஆளுங்க கிட்ட புது ஆளப் பத்தி கேட்டுட்டு இருக்கறது படிக்க சிரிப்பா இருக்கு, கோச்சுக்காதீங்க.

என்ன விரட்டப் பாத்தது கேம் இல்ல. கிளான் சாட். நான் முதல்ல சேந்த கிளான்ல ராத்திரி பூரா பேசுவாங்க, ஒரு வரி புரியாது. ஜிஇ, பிவிஎம், பிபி, ஸ்பூன், ஃபோர்-டிக், ட்ரை-ன்னு ஓடும். ட்ரைன்னா ரொம்ப நேரமா அடிச்சும் நல்ல பொருள் (ட்ராப்) கிடைக்காம காஞ்சு கிடக்கறதுன்னு எனக்கு மூணு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அதுவரைக்கும் யாருக்கோ உடம்பு சரியில்ல போலன்னு நினைச்சுட்டு இருந்தேன். ஒரு தடவ கேட்டேன், "விக்கில பாரு"ன்னு பதில். விக்கி ரொம்ப நல்ல விக்கிதான், நான் கேட்டது விக்கிக்காக இல்லையே, பேச்சுல சேந்துக்கலாம்னுதான கேட்டேன்.

அடுத்தது, நான் பொண்ணுன்னு தெரிஞ்சதும் நடந்தது. பத்து பேர் வந்து ஐட்டம் குடுக்கறாங்க, கேக்காமலே. ஒருத்தர் டிராகன் ஐட்டம் குடுத்தாரு, எனக்கு அத போட லெவலே இல்ல, பேங்க்ல கிடக்கு. குடுத்துட்டு தினமும் "எங்க இருக்க, என்ன பண்ற"ன்னு மெசேஜ். அதுக்குப் பேரு வரவேற்பு இல்லைங்க. அந்த கிளான்ல இருந்து சொல்லாம கொள்ளாம வந்துட்டேன்.

மூணாவது, "உன் ஆர்மர ஃப்ரீயா டிரிம் பண்ணித் தரேன்"னு ஒருத்தன். நீங்க எல்லாம் சிரிப்பீங்க, இருபது வருஷப் பழைய ஏமாத்து வேலையாம் அது. எனக்கு எப்படித் தெரியும்? கஷ்டப்பட்டு சேத்து வாங்குனது, குடுத்துட்டேன், போயிட்டான். ரெண்டு நாள் உள்ளயே வரல. வீட்ல சொன்னா "கேம்ல திருட்டா"ன்னு கேக்கறாங்க. இந்த மாதிரி விஷயத்த மட்டும் முதல் நாளே சொல்லிருங்க: காச ரெட்டிப்பாக்கித் தரேன்னு சொல்றவன், டிரிம் பண்றேன்னு சொல்றவன், வடக்க காட்டுப் பக்கம் வா ஒண்ணு காட்டறேன்னு சொல்றவன், எல்லாம் ஒரே ஆள்தான். அந்த வடக்குக் காட்டுல, வைல்டர்னஸ்ல, அடுத்தவன் நம்மள அடிச்சு எடுத்துட்டுப் போகலாம்ங்கறதே எனக்குத் தெரியாது.

தங்குனது எப்படின்னா, இப்ப இருக்கற கிளான்ல ஒரு அக்கா இருக்காங்க, எல்லா ஸ்கில்லும் 90க்கு மேல. நான் டிரெய்னர் வில்லேஜ்ல வில்லோ மரம் வெட்டிட்டு இருந்தேன், அவங்க வந்து பக்கத்து மரத்த வெட்ட ஆரம்பிச்சாங்க. எதுவும் குடுக்கல, எதுவும் சொல்லித் தரல. அவங்க ஆபீஸ் கதை சொன்னாங்க, நான் என் கதை சொன்னேன். நடுவுல எனக்கு வுட்கட்டிங் 45 வந்துச்சு, அவங்க பட்டாசு மாதிரி குதிச்சாங்க. நாப்பத்தஞ்சுக்கு! அவங்களுக்கு 99. அடுத்த நாளும் நான் லாகின் பண்ணதுக்கு காரணம் மரம் இல்ல.

---

கருவாட்டு_வீரன்

ட்ரைன்னா உடம்பு சரியில்ல 😭😭 இன்னைக்கு பூரா சிரிக்க இது போதும். ஆனா நிஜமாவே ரெண்டு வருஷமா ட்ரையா இருக்கவன் நான், உடம்பும் சரியில்லதான்.

---

குளிர்காட்டு_மந்திரவாதி

நான் டொரொண்டோவில இருந்து எழுதுறன். ஓல்ட் ஸ்கூலும் விளையாடுறனான், ஆனா கனகாலம் ஃபைனல் ஃபேண்டஸி 14 எண்ட இன்னொரு ஒன்லைன் கேமுக்குள்ளதான் கிடந்தனான். அங்க இந்தப் பிரச்சினைய ஆக்களின்ர நல்ல மனசில விட்டு வைக்கேல்ல, கேமே பாத்துக்கொள்ளுது. அதையும் ஒருக்கா சொல்லுவம் எண்டு வந்தன்.

அந்த கேம் 2010ல வந்து பயங்கரமா விழுந்தது. பிறகு யோஷிதா எண்டவர் பொறுப்பெடுத்து, எல்லாத்தையும் இடிச்சுக் கட்டி 2013 ஓகஸ்ட்டில திருப்பி விட்டவை. இப்ப அங்க புதுசா வாற ஆளின்ர பேருக்குப் பக்கத்தில ஒரு பச்சை முளை நிக்கும், சின்னக் கன்று மாதிரி. அதைக் கண்டாலே எல்லாருக்கும் விளங்கும், இது புது ஆள், மெல்லமாப் போ எண்டு. ஆனா உண்மையான கெட்டித்தனம் அதில்ல. பழைய ஆக்கள் ஒவ்வொரு நாளும் ரூலெட் எண்டு ஒண்டு போடுவினம், பரிசு கிடைக்கும், அதில எந்தப் பழைய டன்ஜன் (குழுவாப் போய்ச் சண்டை பிடிக்கிற இடம்) வரும் எண்டு தெரியாது. சின்ன லெவல் டன்ஜன் வந்தா பெரிய ஆளின்ர லெவலையும் அதுக்கேத்த மாதிரி இறக்கிப் போடும். உள்ள ஆரும் அந்த இடத்துக்கு முதல் தரம் வந்திருந்தா, முடிச்ச உடன எல்லாருக்கும் மேலதிகப் பரிசு. இப்ப விளங்குதா? பத்து வருசம் விளையாடினவனுக்கும் புதுப் பெடியன் ஒருத்தன் வாறது லாபம். நாலு தரம் செத்தாலும் "பரவாயில்ல, திருப்பிப் போவம்" எண்டுதான் சொல்லுவினம். எல்லாரும் புண்ணியவான்கள் எண்டு சொல்ல வரேல்ல, அங்கயும் கத்துற ஆக்கள் இருக்கினம், எண்டாலும் குறைவு. லெவல் 70 வரைக்கும் இலவசமா விளையாடலாம், ஆனா சந்தையும் கேமுக்குள்ள பெரிய காசும் தர மாட்டினம். காசு தராம விட்டது நல்லதுக்குத்தான் எண்டு உங்கட தம்பியின்ர கதைய வாசிச்ச பிறகு யோசிக்கிறன்.

ரூன்ஸ்கேப்பில அப்பிடி ஒரு ஏற்பாடு இல்ல. ஆனா கிட்ட வாற மாதிரி ஒண்டு இருக்கு, ஒருத்தரும் சொல்லேல்ல எண்டு பாத்துக்கொண்டிருந்தன்: குரூப் அயன்மேன். ரெண்டு பேரில இருந்து அஞ்சு பேர் வரைக்கும் ஒரு குழு, எல்லாரும் புது அக்கவுண்ட், வெளியாக்களிட்ட ஒரு சாமானும் வாங்கேலாது, குழுவுக்குள்ள மட்டும் குடுக்கலாம் வாங்கலாம், பொதுவா ஒரு பெட்டி இருக்கு. நீங்கள் நினைச்சாலும் அம்பது லட்சம் குடுக்கேலாது. கேமே உங்கட கையக் கட்டிப் போடும், உங்களுக்கு அதுதான் மருந்து எண்டு எனக்குப் படுது. உங்கட மச்சான் மீன் பிடிச்சுத் தந்தாத்தான் நீங்கள் சண்டைக்குப் போகலாம், அப்ப அவர் பிடிச்ச மீனுக்கு ஒரு பெறுமதி வருது பாருங்கோ. பழைய அக்கவுண்டில அந்த மீன் குப்பை.

ஒரு எச்சரிக்கை மட்டும். நான் 2021ல அது வந்த கையோட ரெண்டு புது ஆக்களோட துவங்கினனான். நான் இரவிரவா விளையாடி, அவை விடிய எழும்பி வந்து பாக்கேக்க பெட்டி நிறைய இரும்பும் நிலக்கரியும். "எங்களுக்கு என்ன வேலை இருக்கு" எண்டு கேட்டுப்போட்டு ஒரு மாசத்தில ரெண்டு பேரும் நிப்பாட்டிப் போட்டினம். அதனால அவை இல்லாத நேரம் அந்த அக்கவுண்டத் தொடாதேங்கோ. உங்கட பழைய அக்கவுண்ட் எங்க போகப் போகுது, ஆசை வந்தா அதில போய் வெட்டிக் கொத்துங்கோ.

---

92தான்_பாதி

இதத்தான் நான் ஒரு முழ போஸ்ட்ல சொல்ல வந்து சொல்லாம விட்டேன். 2013ல எல்லாரும் ஒண்ணா ஆரம்பிச்ச ஜாலிய திரும்பக் கொண்டு வர வழி இதுதான். 2025 நவம்பர்ல படகு ஓட்டுற புது ஸ்கில் செய்லிங் வந்தப்பவும் கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருந்துச்சு. 99 வச்சவனும் லெவல் ஒண்ணுல படகுல முட்டி முட்டி நின்னான், புதுப் பசங்க வந்து வழி சொன்னாங்க. என்கிட்ட ஒரு பதினேழு வயசுப் பையன் "அண்ணா பாய இறக்குங்க"ன்னு கத்துனான், அவ்ளோ சந்தோஷம் எனக்கு.

---

பதினஞ்சுரூபா_ஒருமணிநேரம்

எல்லாத்தையும் ரெண்டு தடவ படிச்சேன். முதல் தடவ கொஞ்சம் கோவம் வந்துச்சு, உண்மையச் சொல்றேன். ஆசையா செஞ்சவனப் போய் நீதான் தப்புங்கறீங்களேன்னு. ரெண்டாவது தடவ படிக்கறப்ப சித்தி பையன் சொன்னது ஞாபகம் வந்துச்சு, "நான் என்ன பண்றேன்னே தெரியல". அவன் அத கேமப் பத்தி சொல்றான்னு நினைச்சேன்.

கருகிடுச்சு தங்கச்சி, எங்க கிளான் சாட்டையும் நேத்து புது ஆள் கண்ணோட எடுத்து மேல இருந்து படிச்சுப் பாத்தேன். எங்க அம்மா காஸ் புக் பண்ற நம்பர்ல வர்ற இந்தி வாய்ஸ் மாதிரி இருக்கு. வாரத்துல ரெண்டு நாள் ராத்திரி எல்லாரும் ஒரே எடத்துல மரம் வெட்டலாம், சும்மா பேசலாம்னு சொல்லிருக்கேன். மூணு பேர் சரின்னாங்க, ஒருத்தர் "எக்ஸ்பி வேஸ்ட்"ன்னாரு, அவரு எப்பவுமே அப்படித்தான்.

குரூப் அயன்மேன் மச்சான்கிட்டயும் ஆபீஸ் தம்பிகிட்டயும் சொல்லிருக்கேன். ஞாயிறு செவ்வாய் வியாழன் பத்துல இருந்து பதினொன்னரை, மத்த நேரம் நான் தொட மாட்டேன்னு வீட்டம்மா முன்னாடி சத்தியம் வாங்கிட்டான் மச்சான். அவங்களுக்கு ஏன் இவ்ளோ சந்தோஷம்னு இப்பத்தான் புரியுது. கல்லறை விஷயம், டிரிம் விஷயம் ரெண்டையும் முதல் நாளே சொல்லிருவேன். ஆரம்பிச்சுட்டு வந்து சொல்றேன்.

---

பதினஞ்சுரூபா_ஒருமணிநேரம் (மூணு வாரம் கழிச்சு)

லைவ் அப்டேட், இப்ப மணி பத்தே முக்கால். மூணு பேரும் லம்பிரிட்ஜ்ல. ஆபீஸ் தம்பி மாடு அடிக்கிறான், தோல் எல்லாம் பெட்டில போட்டுட்டு இருக்கான், மூணு பேருக்கும் கவசம் தைக்கப் போறானாம். மச்சான் சமையக்காரர் குவெஸ்ட் எடுத்திருக்காரு. பால் கறந்தாச்சு, மாவு அரைச்சாச்சு, மில்லு அவரே கண்டுபிடிச்சாரு, சட்டியோட போனாரு, என்னவிட புத்திசாலி. முட்டை மட்டும் இல்ல.

கோழிப் பண்ணைக்குள்ள இருபது நிமிஷமா நிக்கிறாரு. என்கிட்ட கேக்கல. நானும் சொல்லல. நாக்கக் கடிச்சுட்டு உக்காந்திருக்கேன்.

---

இறால்_கருகிடுச்சு

முட்டை கீழதான கிடக்கும் அங்கயே??

---

பதினஞ்சுரூபா_ஒருமணிநேரம்

ஆமா. அவரு அதுமேலதான் நின்னுட்டு இருக்காரு. கோழியக் கொன்னா முட்டை வரும்னு நினைச்சுட்டு இதுவரைக்கும் பதினேழு கோழி முடிச்சுட்டாரு. இறகு மட்டும் நூத்துக்கு மேல சேந்துருச்சு, ஸ்ட்ரென்த் லெவல் வேற ஏறிட்டே போகுது. "இந்தக் கோழிங்களுக்கு ஏதோ கோளாறு மாப்ள"ங்கறாரு.

---

கருவாட்டு_வீரன்

தயவு செஞ்சு சொல்லிராதீங்க. நான் சாப்பாட்ட எடுத்துட்டு வந்துட்டேன்.